எல்லாம் பிளாஸ்டிக்தானே சார்?



போன வாரம் எங்கள் வீட்டுக் குளியலறையில் வெந்நீர்க் குழாய் தொய்ந்து, இணைப்பு விட்டுக்கொண்டது. பேத்தி அப்போதுதான் குளித்துவிட்டு வெளியே வந்திருந்தாள். கடவுள் காப்பாற்றினார். பார்த்தால், ஹீட்டரிலிருந்து வரும் லைனுக்குச் சாதாரண பி.வி.சி. குழாய். போட்டவன் என் பழைய மாணவன். "எல்லாம் பிளாஸ்டிக்தானே சார்" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. 'பிளாஸ்டிக்' என்ற ஒற்றைச் சொல்லோடு பாடத்தை முடித்தவன் நான்தானே! விட்ட பாடத்தை இன்று நடத்துகிறேன்.

வினைல் குளோரைடு ஒரு வாயு. அதை அழுத்தத்தில் திரவமாக்கி, தண்ணீரில் துளித்துளியாகக் கலக்கி, தூண்டும் பொருள் சேர்த்து, 50 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தால் மூலக்கூறுகள் கைகோத்துச் சங்கிலியாகும். அதுதான் பி.வி.சி. சூடு குறைந்தால் சங்கிலி நீளும், கூடினால் குட்டையாகும். நீளச் சங்கிலிகள் சிக்கிய வலை நூல்போல ஒன்றையொன்று விடாது. வலு அதிகம், உருக்குவது கடினம். குட்டைச் சங்கிலி எளிதாக உருகி அச்சுக்குள் ஓடும். அதனால்தான் குழாய்க்கு ஒரு ரகம், எல்போ, டீ போன்றவற்றுக்கு வேறு ரகம்.

ஆனால் எப்படிச் செய்தாலும் சாதாரண பி.வி.சி. 80 டிகிரியை ஒட்டி இளகிவிடும். 60-ஐத் தாண்டினாலே நம்ப முடியாது. வெந்நீருக்காக, செய்து முடித்த பி.வி.சி.யில் மேலும் குளோரின் ஏற்றுகிறார்கள். எடையில் சுமார் 57 சதவீதமாக இருந்த குளோரின் 63-க்கும் மேலே போகும். அதுதான் சி.பி.வி.சி. ஏறக்குறைய 90 டிகிரி வரை தாங்கும்.

அந்தக் குளோரின் எங்கிருந்து வருகிறது? உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித்தான். உப்பளத்து ஊர்க்காரர்கள் நாம்! நம் மாவட்டத்துச் சாகுபுரத்தில் டி.சி.டபிள்யூ. ஆலையில் பி.வி.சி.யும் சி.பி.வி.சி.யும் தயாராகின்றன. வாசலிலேயே பாடம் இருந்தும் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விட்டோம்.

என் கருத்து இதுதான். பிளாஸ்டிக்கை நல்லது, கெட்டது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. எப்படிச் செய்தது, எவ்வளவு சூடு தாங்கும் என்று கேட்கப் பழக்க வேண்டும். ஆசிரியர்களாக இருக்கும் பிள்ளைகளே, இரண்டு குழாய்த் துண்டுகளை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். வீடு கட்டும் பிள்ளைகளே, குழாய்மேல் அச்சடித்திருப்பதை வாசியுங்கள். ஒட்டும் பசையும் தனித்தனி, மறக்க வேண்டாம்.

மறுநாளே அவன் வந்து குழாயை மாற்றினான். கூலி வேண்டாம் என்றான். விடவில்லை, கையில் திணித்து அனுப்பினேன். தப்பில் பாதி என்னுடையதல்லவா?