பின் அச்சுக்கு எந்த லாக்கர்?

லாக்கர் கேட்டு வருபவர் பாறையைப் பற்றித்தான் பேசுவார். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழல, மற்றது அசையாமல் நின்ற படத்தைக் கைபேசியில் காட்டுவார். நாம் அவரிடம் கேட்கவேண்டியது, திங்கட்கிழமை காலை வண்டி எங்கே போகிறது என்பதை. அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் ஓடும் வண்டியில் பெரும்பாலும் பின் அச்சு மட்டுமே இழுக்கிறது. அங்கே நாம் பொருத்துவது ஒவ்வொரு திருப்பத்திலும் தன் குணத்தைக் காட்டும். அதனால் தினசரி ஓடும் வண்டிக்கு, ஓட்டுநர் வேண்டும்போது மட்டும் பூட்டுகிற லாக்கரையே இந்த இதழ் பரிந்துரைக்கிறது.

டெட்ராய்ட் லாக்கர் போன்ற தானியங்கி வகையின் உறுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்விட்ச் கிடையாது, காற்றுக்குழாய் கிடையாது. நேராக ஓடும்போது இரு சக்கரங்களும் பூட்டியே இருக்கும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் வேகமெடுத்துத் தன்னை விடுவித்துக்கொள்ள, இழுவை முழுவதும் உள்சக்கரத்துக்குப் போகும். பாதி வளைவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கணக்கு தலைகீழாகி, வண்டி பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டும். கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றும் வண்டியிலும், நீளம் குறைந்த ஜீப்பிலும் இது இன்னும் அதிகம். கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை மழையில் இப்படி ஏறுவதை நினைத்துப் பாருங்கள். சாதாரண டிஃப்ரென்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது உருண்டபடி வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பூட்டிய அச்சிலோ இரண்டும் சேர்ந்தே வழுக்கும். பழைய கூட்டுக்குள்ளேயே ஸ்பைடர் கியருக்குப் பதிலாக உட்காரும் ‘லன்ச் பாக்ஸ்’ வகைக்கும் இதே குணம்தான். விலை குறைவு, கிரௌன்–பினியன் செட்டிங்கைத் தொடவேண்டாம் என்பதால் அது விற்கிறது.

கிளட்ச் தட்டு வைத்த எல்எஸ்டி சாலையில் நல்ல பிள்ளை. சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதனால் பெரிய பயனில்லை, தட்டும் தேயும்.

2020இல் வந்த மஹிந்திரா தாரின் சில ரகங்களில் உள்ள மெக்கானிக்கல் லாக்கிங் டிஃப்ரென்ஷியல் தனி ரகம். இரு பின் சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால்தான் அது பூட்டும். வேகமாக ஓடும்போது பூட்டாது. ‘வேலை செய்யவில்லை’ என்று வரும் வண்டிகளில் பல, ஓட்டுநர் மிக மெதுவாக ஊர்ந்ததால் பூட்டாதவை. அந்தப் புகாரைக் கேட்டதும் ஹவுசிங்கைக் கழற்றாதீர்கள். சக்கரம் சுழலத் தொடங்கும் அளவுக்கு மட்டும் ஆக்சிலேட்டரைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழுக்க மிதித்தால் வேகமாகச் சுற்றும் சக்கரம் திடீரென்று பூட்டி, அந்த அடி முழுவதும் ஆக்ஸில் ஷாஃப்ட்டில் இறங்கும்.

ஓட்டுநர் பூட்டும் வகையில் காற்று, மின்சாரம், கேபிள் என்று மூன்றும் உண்டு. ஏஆர்பி ஏர் லாக்கரில் காற்று போனால் டிஃப்ரென்ஷியல் சாதாரணமாகிவிடும். வண்டி வீடு வந்து சேரும். ஆனால் சோலனாய்டு வழியே எண்ணெய் கசிந்தால் சீல் ஹவுசிங்கின் ஓ-ரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். குழாயைச் சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஓட்டிவிட்டு லாக்கரைக் குறை சொல்வதும் நம்மில் நடக்கிறது. ஈட்டனின் மின் லாக்கர், முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் விடுபட்டு மறுபடி பூட்டும். சேற்றில் ஆட்டி ஆட்டி வெளியேறுபவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஹைலக்ஸில் தொழிற்சாலையிலேயே வரும் பின் லாக்கைப் போட்டால் வண்டியின் கம்ப்யூட்டருக்கு அது தெரியும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அது நிறுத்திவைக்கும். நாம் வெளியில் வாங்கிப் பொருத்துவது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஸ்விட்ச்சோடு எச்சரிக்கை விளக்கையும் ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் வைப்பதும், தார்ச் சாலையில் போடக்கூடாது என்று பில்லிலேயே எழுதுவதும் பொருத்துபவரின் வேலை.

தானியங்கி லாக்கரை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவரைத் திருப்பி அனுப்பவேண்டியதில்லை. கையால் திருப்பும் ஹப் உள்ள பழைய ஜீப் என்றால் அதை முன் அச்சில் போடலாம். ஹப்பை விடுவித்து ஓட்டும்வரை சாலையில் அது இருப்பதே தெரியாது. ஃபோர்வீல் போட்டதும் ஸ்டியரிங் கனக்கும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.