கடல் தாண்டினால் பாவமாம்!

கடற்பயணம் செய்பவன் சாதியினின்றும் வீழ்வான் என்று விதித்தது போதாயனரின் தரும சூத்திரம். 1888-இல் மோகன்தாஸ் காந்தி சட்டம் பயில இலண்டன் புறப்பட்டபோது, பம்பாயில் அவருடைய மோத் பனியா சாதிச் சபை கூடிற்று, அவரை விலக்கிற்று, வழியனுப்பத் துறைமுகம் செல்பவனுக்கும் ஒன்றேகால் ரூபாய் தண்டம் என்றது! 1891-இல் திரும்பியவரை, சாதியாரைச் சமாதானப்படுத்த நாசிக்கில் நீராட்டினார் தமையனார். ஓர் இளைஞன் கப்பலேறியதற்கு இத்தனை ஆரவாரம்!

அதே நூற்றாண்டில், இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள அம்மாபட்டினக் கரையிலிருந்து ஆணும் பெண்ணும் குழந்தையுமாய் நம் மக்கள் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குத் தோணியேறினரே, எந்தச் சபை கூடிற்று? எந்தச் சாத்திரி குறுக்கே நின்றார்? முணுமுணுத்த மிராசுதாரர் உண்டு. ஏர் பிடிக்க ஆள் குறையுமே என்ற கவலை! அது பாவக் கணக்கன்று, பண்ணைக் கணக்கு. ஏறியவருள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்டோர். வீழ்வதற்கும் ஓர் உயரம் வேண்டுமல்லவா? அதை அவர்களுக்குச் சாத்திரம் தந்ததே இல்லை.

பயண ஏற்பாடெல்லாம் கங்காணியுடையது. அயலானா அவன்? பெரும்பாலும் அதே வட்டாரத்தான், சற்று மேற்சாதி. முன்பணம் நீட்டினான், துணைக்கு ஆள் சேர்த்தான், தோணிக்கூலி கொடுத்தான். அத்தனையும் கடனென்று எழுதிக்கொண்டான். மன்னார்க் கரையில் இறங்கியதும் மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடை, 100 மைலுக்கு மேல். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியோரம் சாய்ந்தோர் எத்தனை எத்தனை பேர்!

உடன் வருவோர் உற்ற துணை என்பார்கள். இங்கோ துணையே தளையாயிற்று! ‘துண்டு’ என்றொரு சீட்டு. கங்காணியின் கடனைத் தீர்ப்போரிடம் அவனையும் அவன் கூட்டத்தையும் அனுப்பிவிடுகிறேன் என்று தோட்டத்துரை எழுதித் தருவது. கடனைக் கட்டிய துரையிடம் கூட்டம் முழுவதும் போய்ச் சேர்ந்தது, சந்தையில் மந்தை கைமாறுவதுபோல. 1921-இல்தான் அந்தத் துண்டு ஒழிந்தது. காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்து அரை நூற்றாண்டு ஆகும்வரை சீட்டு மட்டும் சாகவில்லை!

தோணியில் முழங்காலோடு முழங்கால் இடிக்க அமர்ந்திருந்தபோது யாரும் சாதி கேட்கவில்லை. தோட்டத்து லயத்தில் இறங்கியதும் கேட்டார்கள். எந்தச் சாதிக்கு எந்த லயம் என்று பிரித்தார்கள்.

கடல் தாண்டினால் சாதி போகும் என்று ஏடு காட்டிய பெரியோர்களே! போகுமென்ற அந்தச் சாதி மலையுச்சி வரை போய்ச் சேர்ந்ததே, அதற்குத் தோணிக்கூலி கொடுத்தவன் யார்? அதையும் அந்த ஏழையின் கடனில்தான் எழுதினார்களா?