பித்தத்துக்கு வலப்பக்கம் தெரியுமா?

தலைசுற்றலுக்குக் காரணம் பித்தம் என்பது தமிழ்நாட்டில் மேல்முறையீடே இல்லாத தீர்ப்பு. காலையில் எழுந்ததும் தள்ளாடினால் பித்தம். பஸ்ஸில் குமட்டினால் பித்தம். வெயிலில் நின்று கண் இருட்டினாலும் அதே பித்தம். தீர்ப்புச் சொல்ல மருத்துவர் வேண்டியதில்லை. பக்கத்துத் திண்ணையில் யாராவது உட்கார்ந்திருந்தால் போதும்.

கொல்லிமலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் தீர்ப்போடு மருந்தும் கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. சனிக்கிழமைச் சந்தையில் மிளகும் சீரகமும் மல்லியும் வெந்தயமும் குவிந்து கிடக்கும். சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்கள் வருடத்துக்கான மளிகையை இங்கே வந்து வாங்கிப் போவது வழக்கம். அந்தக் குவியல்களுக்கு நடுவில் ஒரு பெண் "ரெண்டு வாரமா கிறுகிறுன்னு வருதுங்க" என்று சொல்லி வாய் மூடுவதற்குள், "பித்தமுங்க அக்கா, சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் குடிங்க, எறங்கிரும்" என்று பதில் வந்துவிடுகிறது. பதில் சொன்னவர் நோயைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சீரகத்தைக் கால் கிலோவா அரைக் கிலோவா என்று கேட்டவர், தலை எப்போது சுற்றுகிறது என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்தப் பெண்ணுக்கு நாள் முழுக்கச் சுற்றவில்லை. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் மட்டும் வீடே சுழல்கிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. இடப்பக்கம் புரண்டால் ஒன்றுமில்லை. பித்தம்தான் காரணம் என்றால் அதற்கு வலது இடது எப்படித் தெரிந்தது? ஒரே உடம்பு, ஒரே ரத்தம், ஒரே கல்லீரல். ராத்திரி பதினொரு மணிக்கு வலப்பக்கம் திரும்பும்போது ஏறிய பித்தம், அடுத்த நிமிடம் இடப்பக்கம் திரும்பியதும் எங்கே போனது?

நம்பிக்கை பிறந்த இடத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. காதின் உட்பகுதியிலிருந்து சமநிலைச் செய்தியைக் கொண்டுபோகும் நரம்புகள் மூளைத்தண்டில் போய்ச் சேருகின்றன. வாந்தியைத் தூண்டும் நரம்புக்கூட்டமும் அங்கேதான் இருக்கிறது. சுற்றல் கடுமையாக இருந்தால் வாந்தி வரும். வயிறு காலியாக இருந்தால் வாந்தியில் மஞ்சளாக, கசப்பாகப் பித்தநீர் வரும். முதலில் சுற்றல், அதனால் வாந்தி, கடைசியில்தான் பித்தம். பார்த்தவர்கள் கடைசியில் வந்ததைப் பிடித்து முதலில் நிறுத்திவிட்டார்கள். கல்யாண வீட்டுக்குக் கடைசியாக வந்தவரைப் பிடித்து மாப்பிள்ளை என்று மாலை போட்டால் எப்படியோ, அப்படி.

உண்மையில் நடப்பது காதுக்குள். ஒவ்வொரு உட்காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றுக்குள் திரவம். தலை திரும்பும்போது திரவம் நகர்ந்து, எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் திரும்பியது என்பதை மூளைக்குத் தெரிவிக்கும். குழல்களின் அடியில் உள்ள சிறு பையில் கால்சியம் கார்பனேட்டாலான நுண்ணிய படிகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வயதாலோ தலையில் பட்ட அடியாலோ, சில நேரம் எந்தக் காரணமும் புலப்படாமலோ, அவற்றில் சில கழன்று ஒரு குழலுக்குள் விழுந்துவிடும். பெரும்பாலும் விழுவது பின்பக்கக் குழலில். அதற்குப் பிறகு தலையை அந்தப் பக்கம் சாய்க்கும்போதெல்லாம் படிகங்கள் உருண்டு திரவத்தைத் தள்ளுகின்றன. தலை நின்ற பிறகும் திரவம் நிற்பதில்லை. மூளை அதை நம்பி உலகத்தைச் சுழற்றுகிறது. வலது காதில் கழன்றிருந்தால் வலப்பக்கம் புரளும்போது சுற்றும். வலது இடது தெரிந்தது பித்தத்துக்கு அல்ல, காதுக்கு.

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. வியன்னாவில் காது மருத்துவராக இருந்த ராபர்ட் பாரானி, காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது நோயாளிகளுக்குத் தலை சுற்றுவதைக் கவனித்தார். குளிர்ந்த தண்ணீருக்குக் கண் ஒரு திசையிலும் சூடான தண்ணீருக்கு எதிர்த்திசையிலும் துடித்தது. உட்காது ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். தலையைச் சாய்த்தால் மட்டும் வரும் சுற்றலை அவர் 1921இல் விவரித்தார். அதைக் கண்டறியும் சோதனையை லண்டனில் மார்கரெட் டிக்ஸும் சார்லஸ் ஹால்பைக்கும் 1952இல் வகுத்துத் தந்தார்கள். நோயாளியை உட்கார வைத்துத் தலையை 45 டிகிரி ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைக் கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டுக் கண்ணைப் பார்க்க வேண்டும். சில நொடிகளில் விழி துடிக்கத் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் நோய் இன்னது, எந்தக் காது என்பது தெரிந்துவிடும். தேவையான கருவி ஒரு கட்டில். பேளுக்குறிச்சியில் கட்டிலுக்குப் பஞ்சமில்லை.

தீர்வும் கட்டிலிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரைச் சேர்ந்த ஜான் எப்லி, தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் திருப்பிப் படிகங்களை வந்த வழியே வெளியேற்றும் முறையை 1980இல் செய்துகாட்டினார். மாத்திரையும் இல்லை, கத்தியும் இல்லை. அதனாலேயே சக மருத்துவர்கள் நம்பவில்லை. அவருடைய ஆய்வுக்கட்டுரை அச்சேற 1992 ஆயிற்று. இன்று உலகம் முழுவதும் முதல் சிகிச்சை அதுதான். சில நிமிடங்களே ஆகும்; பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு தடவையில் சரியாகிவிடும். வலப்பக்கம் புரளப் பயந்து மாதக்கணக்கில் தலையணையை உயர்த்தி வைத்து உட்கார்ந்தபடி தூங்கும் பெண்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்லத்தான் ஆளில்லை. சுக்கு மல்லி சொல்ல ஊரே இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும்: சித்த மருத்துவம் சொல்லும் பித்தம் கல்லீரல் சுரக்கும் பித்தநீர் அல்ல, அது வேறு. இருக்கட்டும். அந்த வேறு பித்தத்துக்கும் வலப்பக்கம் தெரியக்கூடாது அல்லவா? தவிர, சித்த மருத்துவம் படித்தவர் நாடி பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், நாலு கேள்வி கேட்பார். சந்தையிலும் கல்யாணப் பந்தியிலும் குடும்பத்து வாட்ஸப் குழுவிலும் பித்தம் என்று முடிவுகட்டுகிறவர்கள் எந்த நாடியையும் தொட்டதில்லை. சித்தர் பெயரைச் சொல்லிவிட்டால் சித்தராகிவிட முடியும் என்றால் கொல்லிமலைக்குப் போகிற பஸ்ஸில் டிக்கெட் எடுத்தவர்கள் எல்லோரும் சித்தர்கள்தான்.

"குடித்தேன், சரியாகிவிட்டது" என்ற சாட்சி இன்னொரு தொல்லை. கழன்ற படிகங்கள் பலருக்குச் சில வாரங்களில் தாமாகவே கரைந்தோ விலகியோ போய்விடும். அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் பெயர் அதற்குத்தான். சுக்குக் குடித்தவர் சுக்கு என்பார், நெல்லிக்காய் தின்றவர் நெல்லிக்காய் என்பார், மந்திரித்துக்கொண்டவர் மந்திரம் என்பார். ஒன்றும் செய்யாமல் இருந்தவர் மட்டும் சாட்சி சொல்ல வருவதில்லை. ஆறு மாதம் கழித்துத் திரும்ப வந்தால், "பத்தியம் இருக்கவில்லை" என்று பழி நோயாளி மேல் விழும். மருந்து ஒருநாளும் தோற்பதில்லை.

மலைப்பாதையும் இந்த நம்பிக்கைக்குத் தீனி போடுகிறது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் எலுமிச்சம்பழம் மோந்துபார்க்கும் கைகள் எழும். "பித்த உடம்பு" என்று யாராவது பெருமூச்சு விடுவார்கள். பஸ்ஸுக்குள் இருக்கும் கண், எதிர் இருக்கை அசையவில்லை என்கிறது; காது, உடம்பு சுழல்கிறது என்கிறது. இரண்டு செய்திகளும் பொருந்தாததால் வருவதே குமட்டல். அடுத்த வளைவு எங்கே என்று தெரிந்து ஸ்டியரிங்கைத் திருப்பும் டிரைவருக்கு அது பெரும்பாலும் வராது. அவருக்கு மட்டும் பித்தம் இல்லையா?

இதற்குச் சோதனை ஆதாரமே உண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை, காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியிலிருந்து 11 பேரைத் தேர்ந்தெடுத்து விண்வெளிப் பயணத்துக்கான ஆய்வில் சேர்த்தது. பெரும்பாலோர் சிறுவயதில் மூளை உறைக் காய்ச்சல் வந்து உட்காதின் வேலையை இழந்தவர்கள். சுழற்றினாலும் குலுக்கினாலும் அவர்களுக்குக் குமட்டவில்லை. நோவா ஸ்கோஷியா கடற்கரைக்கு அப்பால் கொந்தளிப்பில் சிக்கிய கப்பலில் அவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்; சோதிக்க வந்த ஆய்வாளர்கள் வாந்தியெடுத்துச் சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தப் பதினொரு பேருக்கும் கல்லீரல் இருந்தது, பித்தப்பை இருந்தது. இல்லாமல் போனது உட்காதின் வேலை ஒன்றுதான்.

தலைசுற்றல் எல்லாமே படிகம் கழன்றதால் வருவதல்ல. எழுந்து நின்றதும் கண் இருட்டுவது ரத்த அழுத்தம் இறங்குவதால் வருவது. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளி இறங்கினால் அது நோய்க்கணக்கில் சேரும். பிரஷர் மாத்திரையோ புராஸ்டேட் மாத்திரையோ அதைச் செய்யக்கூடும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வரும்போது பெரியவர்களை நிற்க வைத்தும் ஒருமுறை பிரஷர் பார்த்தால் பாதிப் பித்தம் குறையும். ரத்தசோகை இன்னொன்று: 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. அவர்களுக்குத் தேவை இரும்புச்சத்து. ஆனால் இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டினால் அதற்கும் "சூடு, பித்தம்" என்று பெயர் வைத்து மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நோய்க்கும் பித்தம், நோயைத் தீர்க்கும் மருந்துக்கும் பித்தம். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது, ஒற்றைத் தலைவலியோடு வரும் சுற்றல், காது இரைச்சலோடும் கேட்கும் திறன் குறைவதோடும் மணிக்கணக்கில் நீடிக்கும் மெனியர் நோய் என்று பட்டியல் இன்னும் நீளும்.

மருத்துவமனைக்குப் போனால் விடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அங்கேயும் ஒரு பித்தம் இருக்கிறது. அதன் பெயர் கழுத்தெலும்புத் தேய்மானம். ஐம்பது வயதைத் தாண்டிய பெரும்பாலோரின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியும், தலை சுற்றாதவர் உட்பட. அதைக் காட்டிக் கழுத்துப்பட்டை மாட்டி அனுப்புகிறார்கள். வலப்பக்கம் புரண்டால் மட்டும் சுற்றும் பெண்ணுக்கும் அதே பட்டைதான். இன்னும் வசதியுள்ளவருக்கு மூளை ஸ்கேன். படிகம் எந்த ஸ்கேனிலும் தெரியாது. கடைசியில் ஒரு பாட்டில் குளுக்கோஸ், மாதக்கணக்கில் மாத்திரை. சின்னாரிசின், புரோக்ளோர்பெராசின் போன்றவை சில நாளுக்கான மருந்துகள். மாதக்கணக்கில் விழுங்கும் முதியவருக்குக் கைநடுக்கமும் உடல் விறைப்பும் வரக்கூடும். அப்புறம் நடுக்கத்துக்கு வேறு மாத்திரை. எதற்கும் அடங்காவிட்டால், நோயாளி பெண்ணாகவும் இருந்துவிட்டால், "டென்ஷன்மா, யோசிக்காதீங்க" என்ற கடைசி மருந்து இலவசம். வலப்பக்கம் மட்டும் வரும் டென்ஷன் மருத்துவ அறிவியலுக்கே புதிது.

ஒழுங்கான நோய்க்கணிப்புக்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டியதில்லை, நாலு கேள்வி வேண்டும். எப்போது தொடங்கியது, ஒரு தடவை வந்தால் நொடிக்கணக்கா, மணிக்கணக்கா, நாள்கணக்கா, எதைச் செய்தால் வருகிறது, காது, கண், பேச்சு, நடையில் மாற்றம் உண்டா. பிறகு படுக்கவைத்துக் கண்ணைப் பார்ப்பது, நிற்கவைத்து பிரஷர் பார்ப்பது. அதற்கு மேலும் வேண்டுமென்றால் நாமக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தாகிவிட்டது. இவ்வளவுக்கும் பிடிபடாத சுற்றலும் உண்டு. முதல் நோய் போன பிறகும் மூன்று மாதத்துக்கு மேல், நிற்கும்போதும் கூட்டத்தில் நடக்கும்போதும் மிதப்பதுபோல் நீடிக்கும் நிலைக்கு 2017இல் பாரானி பெயரிலான சங்கம் வரையறை வகுத்தது. எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருக்கும், நோய் பொய்யல்ல. பயிற்சிகளாலும் தகுந்த மருந்தாலும் குறைக்கக்கூடியது அது. பேதிக்குக் கொடுத்துக் குறைக்கக்கூடியது அல்ல.

சந்தையில் விற்கும் சுக்கின் மீதும் மல்லியின் மீதும் எந்தக் குற்றமும் இல்லை. அவை குழம்புக்கும் காபிக்கும் நல்லவை. ஆபத்து, அவை கொதிக்கும் நேரத்தில் இருக்கிறது. திடீரென்று வந்த சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, கைகால் வலுவிழந்தாலோ, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாவிட்டாலோ அது மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டதாக இருக்கலாம். உடனே 108ஐ அழைக்க வேண்டும். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.