பேயைத் தேடி ஒரு ராத்திரி: மிர்ட்டில்ஸ் மாளிகையில் 'குளோயி' நிஜமாவே இருந்தாளா?

இருட்டு அறை. கையில் சின்னதாக ஒரு மீட்டர். "குளோயி, இங்கே இருக்கியா?" என்று ஒருவர் கேட்கிறார். பச்சையாக இருந்த விளக்கு சட்டென்று சிவப்பாகிறது. சுற்றி இருப்பவர்கள் அலறுகிறார்கள்.

அமெரிக்காவின் பழைய மாளிகைகளில் ராத்திரி முழுக்க நடக்கும் 'பேய் வேட்டை' பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இதற்குப் பேர்போன இடங்களில் ஒன்று, லூசியானா மாநிலம் செயின்ட் பிரான்சிஸ்வில் ஊரில் உள்ள மிர்ட்டில்ஸ் மாளிகை. 1796-ல் கட்டிய பண்ணை வீடு. இப்போது தங்கும் விடுதி.

யார் இந்த குளோயி?

வீட்டுக்காரர் கிளார்க் உட்ரஃபிடம் அடிமையாக இருந்த பெண் என்கிறது கதை. ஒட்டுக்கேட்டதற்காகக் காதை அறுத்துவிட்டார்களாம். அதை மறைக்கப் பச்சைத் தலைப்பாகை கட்டினாளாம். பிறகு கேக்கில் அரளி கலந்து கொடுத்தாளாம் (நம்ம ஊர் நெடுஞ்சாலை நடுவே பூத்து நிற்கும் அதே அரளிதான்). உட்ரஃபின் மனைவியும் 2 குழந்தைகளும் இறந்துபோக, மற்ற அடிமைகளே அவளைத் தூக்கில் போட்டு மிசிசிப்பி ஆற்றில் வீசினார்களாம். 1992-ல் எடுத்த ஒரு போட்டோவில் அவள் உருவம் விழுந்திருப்பதாகச் சொல்லி, அதை அஞ்சலட்டையாகவும் விற்றார்கள்.

ஆவணம் என்ன சொல்லுது?

வேறு கதை சொல்கிறது. உட்ரஃபின் மனைவி சாரா இறந்தது 1823-ல், மஞ்சள் காய்ச்சலால். 2 குழந்தைகள் இறந்தது அடுத்த ஆண்டு. ஆக, ஒரே கேக்கில் மூன்று பேர் என்பது கணக்கே உதைக்கிறது. அந்தக் குடும்பத்தின் அடிமைப் பட்டியல்களைத் தேடியவர்களுக்கு குளோயி என்ற பெயரே கிடைக்கவில்லை. வீட்டில் 10 கொலை நடந்ததாகவும் சொல்வார்கள். உறுதியானது ஒன்றுதான்: 1871-ல் வில்லியம் வின்டர் என்பவர் வாசல் திண்ணையில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அப்போ மீட்டர் ஏன் மின்னுது?

அது மின்காந்தப் புலத்தை அளக்கும் கருவி. சுவருக்குள் ஓடும் ஒயர், பக்கத்து அறை ஃபிரிட்ஜ், பாக்கெட்டில் இருக்கும் செல்போன் எதுவும் அதை மின்ன வைக்கும். 'ஸ்பிரிட் பாக்ஸ்' இன்னும் தமாஷ்: ரேடியோ அலைவரிசைகளை மளமளவென்று மாற்றும் பெட்டி அது. காதில் விழும் அரைகுறைச் சத்தத்தை மூளையே வார்த்தையாக்கிக்கொள்கிறது.

நம்புறவங்க நம்பட்டும், யாருக்கு நஷ்டம்?

இதைக் கேட்டவர் வரலாற்றாய்வாளர் டையா மைல்ஸ். அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் பேய்ச் சுற்றுலாக்களை நேரில் பார்த்து, 2015-ல் புத்தகமே எழுதினார். சவானா நகர மாளிகை ஒன்றில் சொல்லப்பட்ட 'மோலி' என்ற அடிமைப் பெண்ணின் கதைக்கும் அவரால் ஆதாரம் கண்டுபிடிக்க முடியவில்லை.

கதைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. காதை அறுத்தவன் பின்னால் போய்விடுகிறான். அறுபட்டவள் விஷம் வைத்த பேயாக நிற்கிறாள். டிக்கெட் அவள் பேரில்தான் விற்கிறது. அந்தப் பண்ணையில் உண்மையிலேயே வேலை வாங்கப்பட்டவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட, இருட்டில் மீட்டரோடு நிற்பவர்களுக்கு ஒரு பெயர்கூடத் தெரியாது.

அதே லூசியானாவில் விட்னி என்ற இன்னொரு பண்ணை இருக்கிறது. 2014-ல் அடிமைகளின் வாழ்க்கையைச் சொல்லும் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அங்கே கருங்கல் சுவர்களில், அந்த மாநிலத்தில் அடிமைப்பட்டுக் கிடந்த 1 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன.