சுடுதளத்தில் முதற்கண் வேண்டுவது

துப்பாக்கிப் பயிற்சி என்றவுடன் மாணவர் மனம் துப்பாக்கியின்மீது செல்வது இயல்பே. எத்தனை துப்பாக்கிகள் உள, எத்தனை தோட்டாக்கள் கிடைக்கும் என்றே யாவரும் வினவுகின்றனர். துப்பாக்கியைத் தாங்கும் மேசை எத்தகையது என வினவுவாரைக் காண்டல் அரிது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தோன்றிய தேசிய மாணவர் படை, பல தலைமுறை மாணவர்க்குக் குறிபார்க்கக் கற்பித்து வருகின்றது. அப்பயிற்சிக்குரிய திறந்தவெளிச் சுடுதளம் ஒவ்வொன்றிலும் அசையாத மேசை ஒன்றேனும் அமைத்தல் வேண்டுமென்பதே எமது கருத்து.

"மாணவன் தரையிற் படுத்தன்றோ சுடுகின்றான், மேசை எதற்கு?" எனச் சிலர் கேட்கலாம். மேசை திறமையைக் காட்டுவதற்கன்று. தவறு எவ்விடத்தது என்று காட்டுவதற்கு. புதிதாய்ப் படுத்துச் சுடுபவனது மூச்சும் முழங்கையும் அசைகின்றன. அவனுடைய ஐந்து குண்டுகளும் இடப்புறம் விலகினால், காரணம் அவன் கையா, துப்பாக்கியின் குறிகாட்டியா எனத் தெளிதல் எளிதன்று. அத்துப்பாக்கியையே மேசைமீது மணல்மூட்டையிற் கிடத்தி, பழகினவர் ஒருவர் ஐந்து முறை சுட்டால் உண்மை புலப்படும். குண்டுகள் ஒன்றையொன்று நெருங்கி விழுந்தும் நடுவைவிட்டு விலகியிருப்பின், பிறழ்ந்தது குறிகாட்டியே, அதனைத் திருத்திவிடலாம்.

மாணவப் பருவத்தில் யாம் சென்ற முகாமொன்றில் தோழர் ஒருவர் குறி அறியாதவரென விலக்கப்பட்டார். மறுநாள் அதே துப்பாக்கி வேறு இருவர் கையிலும் அவ்வண்ணமே இடப்புறம் சுட்டது. அதற்குள் தேர்வு முடிந்துவிட்டது. அவர் மீண்டும் துப்பாக்கியைத் தொடவேயில்லை.

இவ்விடர் வல்லவரையும் விடுவதில்லை. 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அபிநவ் பிந்திரா 7-ஆம் இடமே பெற்றார். தாம் நின்ற இடத்தில் தளத்திற் பதித்த ஓடு தளர்ந்திருந்ததென்பதைப் பின்னரே அறிந்தார். 2008-இல் பெய்ஜிங்கில் இறுதிச் சுற்றுக்கு முன் அவர் சுட்ட சோதனைக் குண்டு நடுவைவிட்டு வெகுவாய் விலகிற்று. குறிகாட்டி பிறழ்ந்துளதென உணர்ந்து அதனைத் திருத்தி, 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில் இந்தியர் ஒருவர் தனித்து வென்ற முதல் தங்கம் அதுவே. அப்போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. அத்துணை நுண்மை வேண்டுமிடத்தில் கருவியையும் நிலத்தையும் ஐயுறுதல் சாக்குப்போக்கு ஆகாது.

நொய்யற்கரை மங்கலத்தில் விசைத்தறி ஓசையோடு வளர்ந்த எமக்கு இவ்வுண்மை புதிதன்று. தறியின் கால் தளத்தில் இறுகாவிடில் தறி ஆடும், நாடா தடுமாறும், நூல் அறும். தறியின் காலைப் பாராது நெசவாளியை ஏசுதல் நியாயமன்று.

மேசை அமைக்கும் வகையும் எளியதே. கொங்கு நாட்டில் வேலிக்கு நடும் கற்கால் மூன்றினை முக்கோணமாய் இரண்டடி ஆழக் குழியில் கான்கிரீட் இட்டு நாட்டுக. அவற்றின்மேல் இரண்டங்குலக் கனமுள்ள கற்பலகையை ரசமட்டம் பார்த்துச் சாந்திட்டுப் பதிக்க. மூன்று கால்மீது அமர்ந்த பலகை ஆடாது. மரமெனின் வெயிலும் மழையும் முறுக்கும், கரையானும் அரிக்கும். உயரம் 32 முதல் 34 அங்குலம் இருக்கலாம். சுடுவோர் நெருங்கி அமருமாறு பலகையின் பின்புறத்தை இரு பக்கமும் வெட்டிவிட்டால் இடக்கைப் பழக்கமுடையோர்க்கும் உதவும். இருக்கை மேசையோடு ஒட்டாதிருத்தல் வேண்டும். ஒட்டினால் அமர்ந்தவன் அசைவெல்லாம் துப்பாக்கியை எட்டும். மணல்மூட்டை தைக்கத் திருப்பூர்ச் சீமையில் கெட்டித்துணிக்குப் பஞ்சமோ?

மேசையிலேயே என்றும் சுட்டுப் பழகினவன் தன் உடலை ஆளக் கல்லான் என்பதும் மெய்யே. ஆதலால் துப்பாக்கியைச் சோதிப்பதற்கும், புதியவர் விசையை மெல்ல அழுத்தக் கற்பதற்கும் மட்டுமே மேசை. பின்னர்ப் படுத்தும் நின்றும் பழகுக. மேசை வந்ததனால் இலக்கின் பின்னுள்ள மண்மேட்டிலோ, பயிற்சி அதிகாரியின் கட்டளையிலோ சிறிதும் தளர்ச்சி கூடாது.

மணல்மேற் கட்டிய வீட்டையும் கன்மலைமேற் கட்டிய வீட்டையும் பற்றிய உவமையை நம் கலாசாலை ஆலயத்தில் பன்முறை கேட்டுள்ளோம். ஒரு மாணவனைத் திறமையற்றவன் எனத் தீர்க்குமுன், அவனுக்கு அளித்த கருவி நேரானதா எனச் சோதித்தல் நமது கடமை. அதற்கு வேண்டுவன மூன்று கற்கால்களும் ஒரு கற்பலகையுமே. ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவர்களும் இதனைச் சிந்திப்பாராக.