ஒரே முத்திரை மோகம்

இரண்டு ட்ரிகர் கார்டுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் நம்பர் 4 லீ-என்ஃபீல்ட் ரைபிளுக்கு உரியவை. ஒரே அளவு, ஒரே தேய்மானம். ஒன்றில் சேவேஜ் ஆலையின் சதுர 'எஸ்' முத்திரை, மற்றதில் பி.எஸ்.ஏ.வின் 'எம்47'. கையில் சேவேஜ் ரைபிள் வைத்திருப்பவர் முதலாவதைத் தேடி அலைகிறார். கேட்ட விலையைக் கொடுக்கிறார். ஏற்கெனவே பொருந்தி வேலை செய்துகொண்டிருந்த பி.எஸ்.ஏ. பாகத்தைக் கழற்றிப் பெட்டியில் போடுகிறார். இதற்குப் புனரமைப்பு என்று பெயரும் சூட்டிவிடுகிறோம். இந்தப் பழக்கம் நம் துறைக்குக் கேடு என்பதே இந்த இதழின் நிலைப்பாடு.

நம்பர் 4 ரைபிள் 1939 இறுதியில் ஏற்கப்பட்டு, 1941 முதல் பெருமளவில் உற்பத்தியானது. பிரிட்டனில் ஃபசாகெர்லி, மால்ட்பி ஆலைகளும் பி.எஸ்.ஏ.வின் ஷர்லி ஆலையும், கனடாவில் டொரண்டோவை ஒட்டிய லாங் பிராஞ்சும், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சிக்கபி ஃபால்ஸில் சேவேஜும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு செய்தன. எந்த ஆலையின் பாகமும் எந்த ஆலையின் ரைபிளிலும் உட்கார வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. படைப்பிரிவின் ஆர்மரர் முத்திரை பார்த்துப் பாகம் எடுத்ததில்லை. பெட்டியில் கைக்கு வந்ததை எடுத்து, அளந்து, பொருத்தினார்.

போருக்குப் பின் இந்தக் கலப்பு இன்னும் கூடியது. 'எஃப்.டி.ஆர்.' என்று ரிசீவரின் இடப்பக்கத்தில் பொறித்திருப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். ஆலையில் முழுமையாகப் பிரித்து, தேய்ந்ததை நீக்கி, புதிதாகக் கூட்டிய ரைபிள் என்று பொருள். அப்போதே பலவற்றில் ட்ரிகரை ட்ரிகர் கார்டிலிருந்து எடுத்து ரிசீவரில் தொங்கவிட்டார்கள். மார்க் 1 ரைபிள் 1/2 ஆனது, மார்க் 1* ரைபிள் 1/3 ஆனது. 1943இல் சேவேஜில் பிறந்து, 1/3 ஆக மாறி, ஃபசாகெர்லி பாகங்களோடு நிற்கும் ரைபிள் தன் பணிக்கால வரலாற்றை உடம்பிலேயே சுமக்கிறது. அதை 'முழுச் சேவேஜ்' ஆக்கினால் அந்த ஆவணம் அழிகிறது. மிஞ்சுவது 1943இல் ஆலை வாசலைத் தாண்டிய ரைபிளும் ஆகாது. நம் ஆசைக்குக் கூட்டிய பொம்மை.

எம்1 கேரண்டிலும் இதே கதைதான். அதன் பாகங்களில் இருப்பது வரைபட எண். ரைபிளின் தொடர் எண் ரிசீவரில் மட்டுமே உண்டு. அமெரிக்க ஆயுதக் கிடங்குகள் அவற்றைப் பலமுறை கலைத்துக் கூட்டியிருக்கின்றன. சோவியத் கிடங்குகளில் புதுப்பித்த மோசின்-நாகந்துகளில் போல்ட்டின் பழைய எண்ணை அடித்துவிட்டு ரிசீவரின் எண்ணைப் பொறித்திருப்பார்கள். அதைப் போலி என்று ஒதுக்குவது அறியாமை. அதுவும் படையின் வேலைதான்.

இந்த மோகத்துக்குத் தீனி எங்கிருந்து வருகிறது? முழுதாக இருக்கும் ரைபிள்களிலிருந்து. தனித்தனியாக விற்றால் கூட்டுத்தொகை அதிகம் என்பதால், குறையில்லாத ரைபிளையும் பிரித்து விற்கும் வியாபாரம் நடக்கிறது. குறிப்பாக பிரிட்டிஷ் எஸ்.எம்.எல்.இ.யில் ரிசீவர், குழல், போல்ட், நோஸ் கேப், பின்பார்வைத் தகடு, முன்கட்டை என ஒரே எண் பல இடங்களில் இருக்கும். நூறாண்டு சேர்ந்திருந்த அந்த எண்கள் ஒருமுறை பிரிந்தால் திரும்பச் சேர வழியில்லை. ஒன்றை ஒப்பனை செய்ய இன்னொன்றைக் கொல்வது எந்தக் கணக்கில் நியாயம்?

பாகம் உண்மையிலேயே தேவைப்படும் ரைபிள்கள் வேறு. 1950, 60களில் உபரி ரைபிள்கள் மலிவாகக் கிடைத்தபோது, வேட்டைக்காக அவற்றின் முன்கட்டையை அறுத்து, மேல்கட்டைகளை எறிந்து, நோஸ் கேப்பைக் கழற்றினார்கள். பர்மிங்ஹாமின் பார்க்கர்-ஹேல் போன்ற நிறுவனங்களே இப்படி மாற்றி விற்றன. இந்த 'ஸ்போர்ட்டர்'களை மீட்பதுதான் நம் உழைப்புக்கும் உதிரிபாகத்துக்கும் உரிய இடம். வாங்கும்முன் குழலை அளந்து பாருங்கள். எஸ்.எம்.எல்.இ.க்கும் நம்பர் 4க்கும் 25.2 அங்குலம். அது குறையாமலும், தொலைநோக்கிக்காக ரிசீவரில் துளை போடாமலும் இருந்தால் மீட்கலாம். குழலை வெட்டியிருந்தால் அதையே பாகங்களின் ஊற்றாகக் கொள்ளுங்கள். ஏற்கெனவே கெட்டதிலிருந்து எடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

இரும்பைவிட மரத்துக்குத்தான் இன்று பஞ்சம். அதனாலேயே ஆர்டர் போடும்முன் எந்த மார்க், எந்த ஆலை என்று தெளிவு வேண்டும். ட்ரிகர் ரிசீவரில் தொங்கும் மார்க் 2 வகையின் முன்கட்டை, பின்முனையில் மார்க் 1இன் முன்கட்டையிலிருந்து வேறுபட்டது. செதுக்காமல் மாற்றிப் போட முடியாது. ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலை உள்நாட்டு மரங்களில் கட்டை செய்தபோது, உதைப்பு தாங்கும் இடத்தில் செம்புத் தகடு பதித்தது. அந்தத் தகடு தொலைந்த கட்டையை மலிவு என்று வாங்கினால் முதல் சில குண்டுகளிலேயே பிளக்கும். இஷாப்பூரில் செய்த ரைபிள்களின் முன்கட்டையில் குறுக்கே ஓடும் வலுவூட்டும் திருகு பிற்கால ஒட்டுவேலை என்று சிலர் அடைத்துவிடுகிறார்கள். அது இந்தியப் படையின் முறையான வேலை, அப்படியே விடுங்கள். அதே ஆலையின் 7.62 மி.மீ. 2ஏ1 ரைபிளைப் பார்த்தால் .303 எஸ்.எம்.எல்.இ. என்றே தோன்றும், ஆனால் மேகசினும் எக்ஸ்ட்ராக்டரும் வேறு.

விரிசல் விட்ட கட்டையை உடனே மாற்றத் துடிக்க வேண்டாம். படையின் ஆர்மரர்கள் சேதமான இடத்தைச் சதுரமாக வெட்டி, அதே மரத்தில் துண்டு பதித்து ஒட்டினார்கள். அப்படிப்பட்ட ஒட்டு ரைபிளுக்கு அழகே. உப்புத்தாள் மட்டும் கூடாது. முத்திரைகள் முதலில் போவது அதில்தான். ஆளிவிதை எண்ணெய் போதும். எஸ்.எம்.எல்.இ.யின் முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டையின் போல்ட்டைத் திருகாதீர்கள். அதன் சதுர முனை முன்கட்டையின் பின்முனைத் தகட்டில் பூட்டியிருக்கிறது. திருகினால் கட்டை பிளக்கும். சந்தையில் கிடைக்கும் பிளந்த முன்கட்டைகள் பலவும் இப்படிப் பிளந்தவையே. திருகுகளும் அப்படித்தான்: என்ஃபீல்டின் மரை அதற்கே உரியது. கடையில் கிடைக்கும் திருகை முறுக்கி ஏற்றினால் ரிசீவரின் மரையும் போகும்.

அழுத்தம் தாங்கும் பாகங்களில் சிக்கனத்துக்கும் அவசரத்துக்கும் இடமே இல்லை. எண் பொருந்தாத போல்ட்டைப் போட்டால், இரண்டு லக்குகளும் சரியாகப் பதிகின்றனவா என்று தகுதியுள்ள துப்பாக்கித் தொழிலாளர் பார்க்க வேண்டும். ஹெட்ஸ்பேஸை .064, .074 அங்குல கேஜ்களால் சோதிக்க வேண்டும். நம்பர் 4க்கு 0 முதல் 3 வரை நான்கு அளவுகளில் போல்ட் ஹெட் உண்டு. எண்ணை நம்பாமல் அளந்து தேர்ந்தெடுப்பதே முறை. 'டி.பி.' என்று பொறித்த பயிற்சி ரைபிளின் கட்டையும் பட்டையும் எடுக்கலாம். ரிசீவரையும் போல்ட்டையும் தொடாதீர்கள். 8,00,000க்குக் கீழ் எண்ணுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையின் எம்1903 ரைபிள்களும், 2,85,507க்குக் கீழ் எண்ணுள்ள ராக் ஐலண்ட் ரைபிள்களும், வெப்பப் பதப்படுத்தலில் நேர்ந்த குறையால் உடையக்கூடியவை என்பது பழைய பாடம். எவ்வளவு நல்ல பாகம் கிடைத்தாலும் அவற்றின் இடம் காட்சிப் பெட்டிதான்.

சட்டத்தையும் பாகம் தேடும் முன்பே பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ரிசீவரே துப்பாக்கியாகக் கருதப்படுகிறது. மற்றவை பெரும்பாலும் உதிரிகள். பிரிட்டனில் குழல், ரிசீவர், போல்ட் ஆகியவற்றைத் தனியாக வாங்கவும் உரிமம் வேண்டும். கட்டைக்கும் பார்வைக்கும் வேண்டாம். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களையும் சேர்க்கிறது; .303 அங்கே தடைசெய்யப்பட்ட குழல்விட்டம் (bore). டொரண்டோவில் வாங்கிய போல்ட் ஹெட்டை ஊருக்குப் போகும் பெட்டியில் போட்டுவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

நம் துறையினரிடம் மூன்று வேண்டுகோள்கள். எண் பொருந்திய முழு ரைபிளைப் பிரித்து விற்பவரிடம் வாங்காதீர்கள். வாங்குபவர் இல்லாவிட்டால் அந்த வியாபாரம் தானே ஓயும். புதிதாகச் செய்த கட்டையிலும் தகட்டிலும், கழற்றினால் தெரியும் இடத்தில், செய்தவரின் குறியையும் ஆண்டையும் பொறியுங்கள். பழைய முத்திரையைப் போலியாகக் குத்துவது மோசடி. எதைக் கழற்றினீர்கள், எதைப் போட்டீர்கள், எங்கிருந்து வந்தது என்று எழுதிய தாளை ரைபிளோடு வையுங்கள். கழற்றிய பாகத்தையும் சேர்த்து வையுங்கள். விற்கும்போது அந்தத் தாளும் கைமாறட்டும். வாங்குபவர் அதைக் கேட்டு வாங்கும் வழக்கம் வந்துவிட்டால், முத்திரைக்குக் கொடுக்கும் விலையை நேர்மைக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுவோம்.