தேக்காவில் மட்டும் ஏன் ‘நீ’?

உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் திருப்பி வைக்க இன்று நம்மில் யாரும் யோசிப்பதில்லை. 2021 செப்டம்பர் 1 முதல் அதற்கு விதி உண்டு. முதல் முறை எழுத்துமூலம் எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி அபராதம். பல ஆண்டுகளாகச் சுவரொட்டிகள் கெஞ்சிக் கேட்டும் நடக்காததை அந்த 300 வெள்ளி நடத்திக் காட்டியது. எம்ஆர்டி ரயிலிலும் அப்படித்தான். மின்படிகளில் இடப்பக்கம் நிற்கிறோம், இறங்குபவர்களுக்காக ஒதுங்குகிறோம், முதுகுப்பையைக் கழற்றிக் கீழே வைக்கிறோம். ‘ஸ்டாண்ட்-அப் ஸ்டேசி’யையும் ‘பேக்-டவுன் பென்னி’யையும் பார்த்து வளர்ந்த தலைமுறை அல்லவா நாம்!

நமக்கு முந்திய தலைமுறைக்குச் சிங்கா சிங்கம் இருந்தது. 1979ல் அப்போதைய பிரதமர் திரு லீ குவான் இயூ பணிவன்பு இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 1982ல் சிங்கா வந்தது. ஆக, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நமக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. பாடம் வீண்போகவில்லை என்றே சொல்வேன். ஆனால், அபராதமும் அம்புக்குறியும் இல்லாத ஓர் இடத்தில், நம் தாய்மொழியில் பேசும்போது, அந்தப் பணிவு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

ஞாயிறு மாலை தேக்காவுக்குப் போய்ப் பாருங்கள். வாரம் முழுதும் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்தவர்கள் வந்திருப்பார்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் கடை வாசலில் வரிசை, பஃப்ளோ ரோட்டில் காய்கறி வாங்கும் கூட்டம், தூண் ஓரமாக நின்று காணொளி அழைப்பில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாக்கள். அந்தக் கூட்டத்துக்குள் நம்மைப் போன்ற மாணவர்கள் புகும்போது கேட்கும் தமிழைக் கவனியுங்கள். “கொஞ்சம் தள்ளு.” “ஏய், வழி விடு.” ஆர்ச்சர்ட் ரோட்டில் முன்பின் தெரியாதவரிடம் இரண்டு முறை ‘எக்ஸ்கியூஸ் மீ’ சொல்லும் அதே வாய்தான். கடையில் உதவியாளராக இருக்கும் அண்ணனிடமும் “இது எவ்வளவு? அதை எடு” என்பதுதான் பேச்சு.

இதற்குத் திமிர் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. நம்மில் பலருக்கு வீட்டுத் தமிழ்தான் தமிழ். வீட்டில் நம்மை நோக்கி வரும் சொற்கள் எல்லாம் வா, போ, சாப்பிடு, தூங்கு. பெரியவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறோம். ஆகவே ‘வாங்க’, ‘போங்க’, ‘சொல்லுங்க’ என்பதெல்லாம் நாவில் பழகுவதே இல்லை. வாய்மொழித் தேர்வுக்கு ‘வாருங்கள்’ என்று மனனம் செய்கிறோம். தேர்வு அறையை விட்டு வெளியே வரும்போது அதை அங்கேயே வைத்துவிட்டு வருகிறோம். ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றுதான். பிரதமருக்கும் அதே, தம்பிக்கும் அதே. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. வாலை வெட்டிவிட்டுக் கூடவே ‘பிளீஸ்’ சேர்த்தாலும் காதில் விழுவது வெட்டிய வால்தான்.

கேட்பவருக்கு நம் வீட்டுக் கதை தெரியாது. புதுக்கோட்டையிலோ சிவகங்கையிலோ அவரை ஊரே ‘அண்ணே’ என்று கூப்பிடும். இங்கே பதினேழு வயதுப் பிள்ளை ‘நீ’ என்கிறது. அவரோ அந்தப் பிள்ளையை ‘சார்’ என்கிறார், ‘மேடம்’ என்கிறார். முப்பத்தைந்து வயதுக்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். யார் யாருக்குப் பணிய வேண்டும் என்று அங்கே யாரும் அறிவிப்புப் பலகை வைக்கவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அதுதான் உறுத்துகிறது.

பேச்சோடு நின்றாலும் பரவாயில்லை. வேலை முடிந்து வருபவர் ரயிலில் அமர்ந்திருந்தால் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சில வேளைகளில் அவரே எழுந்து கதவோரம் போய் நின்றுகொள்வார். அதைப் பார்த்து “எவ்வளவு நல்லவர்” என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். தன் உடுப்பில் சிமெண்ட் இருக்கிறது என்று அவர் கூசியிருக்கவும் கூடும்.

“நடைபாதையை மறைத்துக்கொண்டு நிற்கிறார்களே” என்பது அடுத்த குறை. அந்த நடைபாதைக்கு ஒரு கதை உண்டு. 1822ல் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் வகுத்தபோது, தெருவின் இருபுறமும் ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையிட்ட வழியைத் தொடர்ச்சியாகப் பொதுமக்களுக்குத் திறந்து விட வேண்டும் என்றார். அப்படி வந்தவைதாம் நம் ஐந்தடி நடைபாதைகள். கடை ஒருவருடையது, அதன் முன்வழி எல்லாருடையது. கடைக்காரர்கள் சாமான்களை அடுக்கி அந்த வழியை அடைப்பதும் அன்றே தொடங்கிய வழக்கம்தான். அதை அகற்றப் போய் 1888ல் கலவரமே மூண்டது. இன்றும் செராங்கூன் ரோட்டில் பெட்டிகளும் மூட்டைகளும் பாதி வழியைப் பிடித்திருக்கின்றன. மூட்டைக்கு வளைந்து கொடுத்து நடக்கும் நாம், மனிதர் நின்றால் மட்டும் முகம் சுளிக்கிறோம்.

அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களின் சிரமத்தை நான் மறுக்கவில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் இரவு சத்தம், படிக்கட்டில் குப்பை என்றால் யாருக்கும் எரிச்சல் வரும். 2013 டிசம்பர் 8 கலவரம் இந்த வட்டாரத்தை எவ்வளவு உலுக்கியது என்பதும் தெரிந்ததே. அதன் பிறகு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, சனி காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை லிட்டில் இந்தியாவில் பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. குடித்துவிட்டுத் தொல்லை தருபவருக்கு அந்தச் சட்டம் இருக்கிறது. மற்றவர்கள் எங்கே உட்காருவது? அவர்களுக்குத் தங்குவிடுதியில் ஓர் அறையே பலரோடு பங்கு. வாரத்துக்கு ஒரு நாள் நண்பனோடு பேச ஒரு திண்ணை வேண்டாமா? குப்பையைப் போடாதீர்கள் என்று அவர்களிடம் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ‘போடாதே’ என்பதற்கும் ‘போடாதீங்கண்ணே’ என்பதற்கும் என்ன விளைவு வித்தியாசம் என்று சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் பள்ளிகள் மாணவர்களை அழைத்து வருகின்றன. பயிற்றுத்தாளோடு வருகிறார்கள், பூமாலையைப் படம் எடுக்கிறார்கள், கோயில் கோபுரத்தைப் படம் எடுக்கிறார்கள், திரும்பிப் போகிறார்கள். ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. பயிற்றுத்தாளில் ஒரு கேள்வியைக் குறைத்துவிட்டு, தெருவில் நிற்கும் ஓர் ஊழியரிடம் ‘ங்க’ சேர்த்து வழி கேட்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது. கேட்டவர் பங்ளாதேஷைச் சேர்ந்தவராக இருந்தால் தமிழ் உதவாது, ஒரு புன்னகையோடு சமாளிக்க வேண்டியதுதான். தமிழராக இருந்தால் பெரும்பாலும் கையைக் காட்டுவதோடு விடமாட்டார். “வாங்க தம்பி” என்று பாதித் தூரம் கூடவே வந்து காட்டிவிட்டுப் போவார்.